மாதவிடாய் நின்றபின் வயிற்றில் தசைக்கட்டி: ஸ்கேன் தாளிலிருந்து பயாப்ஸி பிளாக் வரை

அறுபது வயது தாண்டியவருக்கு வயிறு மட்டும் பெருக்கிறது, கை கால் மெலிகிறது. பாவாடை நாடாவை வழக்கமான இடத்தில் கட்ட முடியாமல் இறக்கிக் கட்டுகிறார். வாயுத்தொல்லை என்று ஆறு மாதம் ஓடிவிடும். பிறகு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 12 செ.மீ. கட்டி தெரியும், தாளின் அடியில் "லெயோமயோமாவாக இருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். கர்ப்பப்பையைத்தான் எப்போதோ எடுத்தாயிற்றே, இது எங்கிருந்து வந்தது என்று வீடே குழம்பும்.

அந்த நாளிலிருந்து செய்ய வேண்டிய வேலைகள் இங்கே உள்ளன. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டி சாதாரணமானதா, புற்றா என்பதை ஸ்கேன் ஊகிக்கத்தான் முடியும். முடிவு நுண்ணோக்கியின் அடியில்தான் வரும். ஆகவே கட்டி சிதையாமல், கெடாமல், முழு விவரத்தோடு பயாப்ஸி மருத்துவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மற்ற எல்லா ஏற்பாடும் அதற்காகத்தான்.

எங்கிருந்து முளைக்கிறது

லெயோமயோமா என்பது மென்தசையில் வரும் சாதாரணக் கட்டி. கர்ப்பப்பையில் வந்தால் அதையே ஃபைப்ராய்டு என்கிறோம். பெண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது அது. கர்ப்பப்பைக்கு வெளியே, வயிற்றறையில் வருவது அரிது. அப்படி வருவதில் மூன்று வகைகளைத் தெரிந்துவைத்தால் போதும்.

முதலாவது ஒட்டுண்ணிக் கட்டி. கர்ப்பப்பையின் வெளிப்புறத்தில் காம்போடு தொங்கிய ஃபைப்ராய்டு, குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையிலோ குடல்தாங்கியிலோ ஒட்டிக்கொண்டு அங்கிருந்து ரத்தம் வாங்கப் பழகும். பழைய காம்பு அறுந்துபோகும். புல்லுருவி மரம் மாறியது போலத்தான். 1909-லேயே கெல்லி, கல்லன் என்ற மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். இப்போது இதற்கு இன்னொரு வழியும் உண்டாகியிருக்கிறது: சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஃபைப்ராய்டை மார்சலேட்டர் என்னும் கருவியால் துருவி எடுக்கும்போது, தவறி விழும் துணுக்குகள் வயிற்றுக்குள் வேர்பிடித்துப் பல வருஷம் கழித்துக் கட்டியாகின்றன.

இரண்டாவது, குடலுக்குப் பின்னால், சிறுநீரகமும் பெரிய ரத்தக்குழாய்களும் இருக்கும் பின்வயிற்றுப் பகுதியில் வருவது. அங்கே இடம் தாராளம், 15 செ.மீ. ஆகும்வரைகூட ஒரு தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். மூன்றாவது, வயிற்றறைச் சவ்வெங்கும் சிறு சிறு முடிச்சுகளாகப் பரவுவது. 1952-இல் வில்சன், பீல் என்ற மருத்துவர்கள் விவரித்த இந்த வகை பெரும்பாலும் பிள்ளைபெறும் வயதில் வரும். மாதவிடாய் நின்றபின் அபூர்வம். ஆனால் வந்தால், ஸ்கேனில் பார்க்க அசல் புற்றுப் பரவல் போலவே இருக்கும். சதைத்துண்டு எடுத்துப் பார்க்காமல் கீமோ ஆரம்பிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இவை மூன்றுக்கும் தீனி ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றால் அது குறையும், கட்டியும் சுருங்க வேண்டும். மாறாக வளர்ந்தால் "ஏன் வளர்கிறது" என்று கேட்டே ஆக வேண்டும். மார்பகப் புற்றுக்குச் சாப்பிடும் டமாக்சிஃபென், மாதவிடாய் நின்றபின் தரும் ஹார்மோன் மாத்திரை, உடல் பருமன் (கொழுப்புத் திசுவே ஓரளவு ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும்) ஆகியவை விளக்கம் தரலாம். இவற்றில் எதுவும் இல்லாமல் வளர்கிற கட்டியை ஃபைப்ராய்டு என்று சமாதானம் சொல்லி விட்டுவிடக் கூடாது.

முதல் வேலை பீரோவில்

அடுத்த ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பழைய காகிதங்களைத் தேடுங்கள். கர்ப்பப்பை எடுத்த வருஷம், வயிற்றைத் திறந்தா லேப்ராஸ்கோப்பியிலா, மார்சலேட்டர் உபயோகித்தார்களா, சினைப்பைகளை விட்டார்களா எடுத்தார்களா, அப்போதைய பயாப்ஸியில் என்ன எழுதியிருந்தது — இந்த ஐந்துக்கும் பதில் வேண்டும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எல்லாம் இருக்காது. அறுவை நடந்த விதத்தை எழுதிவைக்கும் ஆபரேஷன் நோட்ஸ் தனித்தாள். மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. பழைய பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்துப் பாதுகாக்கும் சதைத்துண்டு) கிடைத்தால் புதையல் கிடைத்தது போல. அன்று "ஃபைப்ராய்டு" என்று சொன்னதை இன்றைய கட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மாதவிடாய் எந்த வயதில் நின்றது, அதன்பின் ஒரு துளியாவது ரத்தம் பட்டதா என்றும் கேட்டு எழுதுங்கள். இதை மகனிடம் சொல்லத் தயங்குவார்கள். மகளோ மருமகளோ தனியாகக் கேட்பது நல்லது. ரத்தம் பட்டிருந்தால், கர்ப்பப்பை இன்னும் இருப்பவர்களுக்கு அதன் உள்வரிச் சவ்வைத் தனியாக அளக்க வேண்டும். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அங்கிருந்தும் திசு எடுத்துப் பார்ப்பார்கள். கட்டியின் மேலேயே கண் வைத்து இதைத் தவறவிடுவது நடக்கிறது.

ஸ்கேன் தாளில் உள்ள சில வரிகள்

"ஓவரீஸ் நாட் விஷுவலைஸ்டு": சினைப்பைகள் தெரியவில்லை என்பது மட்டுமே பொருள். வயதானவர்களுக்கு அவை வற்றிச் சிறுத்துவிடும், கண்ணில் படாமல் போவது சகஜம். ஆனால் பக்கத்தில் ஒரு திடக்கட்டி இருக்கும்போது இந்த வரி முக்கியமாகிறது, ஏனென்றால் கட்டியே சினைப்பையிலிருந்து வந்ததாக இருக்கலாம். சினைப்பையில் வரும் ஃபைப்ரோமா என்னும் நார்க்கட்டியும் தசைக்கட்டியும் ஸ்கேனில் அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

"ஃபேட் பிளேன்ஸ் மெயின்டெய்ன்டு": கட்டிக்கும் பக்கத்து உறுப்புக்கும் இடையே உள்ள மெல்லிய கொழுப்புப் படலம் கெடாமல் இருக்கிறது. நல்ல சேதி. "லாஸ்ட்" என்றிருந்தால் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஊடுருவியும் இருக்கலாம்.

"ஹைட்ரோனெஃப்ரோசிஸ்": கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்தி, சிறுநீரகத்தில் நீர் தேங்கி வீங்கியிருக்கிறது. கட்டி எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும் இது காத்திருக்காது. சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும்.

"கால்சிஃபிகேஷன்": சுண்ணாம்பு படிந்திருக்கிறது. சோளப்பொரி போலத் திட்டுத் திட்டாக இருந்தால் பழைய ஃபைப்ராய்டு வயதாகி உறைந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

"ஐ.வி.சி. ஃபில்லிங் டிஃபெக்ட்" என்று வந்தால் மட்டும் உடனே ஓடுங்கள். கட்டி ரத்தநாளத்துக்குள் புகுந்து, கீழ்ப்பெருநாளம் (ஐ.வி.சி.) வழியாக இதயம்வரை போகும் அபூர்வ வகை உண்டு. நுண்ணோக்கியில் அதுவும் சாதாரணக் கட்டிதான். ஆனால் எக்கோ எடுத்து, இதய அறுவை நிபுணரும் உடனிருக்கும் இடத்தில்தான் அதைத் தொட வேண்டும்.

எந்தப் பரிசோதனை எதற்கு

அல்ட்ராசவுண்டு கட்டி இருப்பதைச் சொல்லும். அது எங்கிருந்து ரத்தம் வாங்குகிறது, எதை அழுத்துகிறது என்பதற்கு கான்ட்ராஸ்ட் என்னும் சாய மருந்து போட்ட சி.டி. தேவை. அடிவயிற்றுக் கட்டி என்றால் எம்.ஆர்.ஐ. அதைவிடத் தெளிவு. அதில் டி2 என்னும் வகைப் படத்தில் நல்ல தசைக்கட்டி தசையைப் போலவே கறுப்பாகத் தெரியும். டிஃப்யூஷன் என்னும் இன்னொரு வகைப் படத்திலும் கறுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. டி2-வில் வெளுப்பு, உள்ளே ரத்தக்கசிவு, ஒழுங்கற்ற விளிம்பு, நடுவில் கான்ட்ராஸ்ட் ஏறாத செத்த பகுதி ஆகியவை சேர்ந்து வந்தால் சார்கோமா என்னும் தசைப்புற்றை நினைக்க வேண்டும். தொல்லை என்னவென்றால், பெரிய ஃபைப்ராய்டு ரத்தம் போதாமல் உள்ளே நீர்த்துப்போனாலும் கிட்டத்தட்ட இதே தோற்றம் தரும். ரிப்போர்ட் எழுதுபவர் "இருக்கலாம்" என்று நிறுத்துவது இதனால்தான். அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

சி.டி.-க்குப் போகும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சமீபத்திய கிரியாட்டினின் தாள் கையில் இருக்கட்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஸ்கேனுக்குப்பின் 48 மணி நேரம் அதை நிறுத்தச் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ. என்றால் பேஸ்மேக்கர், இதய ஸ்டென்ட், மூளை அறுவையில் வைத்த கிளிப் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தாலிக்கொடியையும் கழற்ற வேண்டும். அம்மா சங்கடப்பட்டால் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிறு கட்டி அழைத்துப் போங்கள்.

ரத்தத்தில் சி.ஏ. 125 என்னும் புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள், சினைப்பைப் புற்றில் அது ஏறும். 35-க்குள் இருக்க வேண்டும். தசைக்கட்டியிலும் கொஞ்சம் ஏறலாம். அந்த எண்ணை மட்டும் வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சினைப்பைக் கட்டியா என்ற சந்தேகம் இருக்கும்போது மருத்துவர்கள் ஒரு பெருக்கல் போடுவார்கள்: ஸ்கேன் மதிப்பெண், மாதவிடாய் நின்றவருக்கு 3, அதோடு சி.ஏ. 125. கட்டி திடமாக இருப்பது மட்டுமே ஸ்கேனில் தெரியும் ஒரே குறை என்றால் மதிப்பெண் 1, சி.ஏ. 125 அளவு 30 என்றால் 1 × 3 × 30 = 90. அதே கட்டியோடு வயிற்றில் நீரும் இருந்தால், குறை ஒன்றுக்கு மேல் என்பதால் மதிப்பெண் நேராக 3 ஆகி, 3 × 3 × 30 = 270. 200-ஐத் தாண்டினால் பெண்கள் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் போவது முறை. சாதாரணத் தசைக்கட்டியும் சில சமயம் வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோக்க வைக்கும் என்பதால், 270 என்பது புற்று என்ற தீர்ப்பில்லை. யாரிடம் காட்ட வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

காத்திருக்கலாமா?

கர்ப்பப்பையில் பல வருஷமாக இருக்கும், சுண்ணாம்பு படிந்த, தொந்தரவில்லாத சிறு கட்டி என்றால் தாராளமாகக் காத்திருக்கலாம். 3 முதல் 6 மாதத்தில் மறு ஸ்கேன். முடிந்தால் அதே சென்டரில். இரண்டு தாளிலும் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அளவுகளும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் மறுபடி பெருக்கினால் கட்டியின் கொள்ளளவு வரும். 6 × 5 × 5 செ.மீ. கட்டி 78 மில்லி. 7 × 6 × 6 ஆனால் 131 மில்லி. "ஒரு சென்டிமீட்டர்தானே கூடியிருக்கிறது" என்று தோன்றும், ஆனால் கட்டி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெருத்திருக்கிறது.

பின்வயிற்றுக் கட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்த இடத்தில் வரும் தசைக்கட்டிகளில் சாதாரணமானதைவிடப் புற்றுதான் அதிகம். என்னவென்று தெரியாமல் அங்கே ஒரு கட்டியை விட்டுவைப்பது சரியல்ல.

திடீரென்று வயிறு முறுக்கிப் பிடித்து வாந்தி வந்தால் (காம்பு திருகியிருக்கலாம்), சிறுநீர் இறங்காமல் நின்றால், மலமும் காற்றும் போகாமல் வயிறு உப்பினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், காரணமில்லாமல் மூச்சு வாங்கினால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கட்டியைக் கரைக்கும் கஷாயம், சூரணம் பற்றி ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்றபின் ஃபைப்ராய்டு தானாகவே சுருங்கும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குப் போகும். வளரும் கட்டிக்கு அதைக் குடித்துக்கொண்டு மூன்று மாதம் இருப்பதில்தான் ஆபத்து.

ஊசி பயாப்ஸி

எல்லோருக்கும் தேவையில்லை. கட்டி சினைப்பையிலிருந்து வந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்து, வேறெங்கும் பரவாமல் ஒரே இடத்தில் இருந்தால் வெளியிலிருந்து ஊசி போடுவதைத் தவிர்ப்பார்கள். உறை உடைந்தால் உள்ளிருப்பது வயிற்றில் சிந்தும். பின்வயிற்றுக் கட்டிக்கும் பரவிய முடிச்சுகளுக்கும் பயாப்ஸி செய்துவிட்டு அறுவைக்குப் போவதே நல்லது. மெல்லிய ஊசியால் செல்லை உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. இங்கே போதாது, அது நூற்கதிர் போல நீண்ட செல்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. குச்சி போலச் சதையை வெட்டி எடுக்கும் கோர் பயாப்ஸி வேண்டும், பல துண்டுகளாக. பின்வயிற்றுக் கட்டிக்கு முன்வயிற்றைத் துளைக்காமல் முதுகு, விலாப் பக்கமாகப் போவார்கள்.

கோர் பயாப்ஸியில் "லெயோமயோமா" என்று வந்தால் நிம்மதிதான், ஆனால் முழு நிம்மதி இல்லை. 15 செ.மீ. கட்டியில் நாலைந்து குச்சிச் சதைதான் பார்த்திருக்கிறார்கள். மற்ற மூலையில் இருப்பது வேறாக இருக்கலாம்.

அறுவைக்கு முன்பு பேச வேண்டியவை

சர்ஜனிடம் முதலில் கேளுங்கள்: கட்டியை முழுதாக எடுப்பீர்களா? லேப்ராஸ்கோப்பி என்றால் எப்படி வெளியே கொண்டுவருவீர்கள்? உறைப்பையில் போட்டு, சிறு வெட்டு வழியாக முழுதாக எடுப்பதில் தவறில்லை. பையில்லாமல் மார்சலேட்டரால் துருவுவது இந்த வயதில் கூடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரலில் எச்சரித்து, நவம்பரில் மாதவிடாய் நிற்கும் தறுவாயில் உள்ளவர்களுக்கும் நின்றவர்களுக்கும் இதை உபயோகிக்கக் கூடாது என்றது. ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்துகொள்ளும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு மறைந்த சார்கோமா இருக்கும் என்பது அப்போது அவர்கள் போட்ட கணக்கு. துருவினால் புற்றும் சிதறும், சாதாரணக் கட்டியும் சிதறும், பயாப்ஸி பார்ப்பவருக்கு விளிம்பு எது என்பதும் தெரியாமல் போகும். சிறிய தழும்புக்காக இவ்வளவையும் கொடுக்க வேண்டியதில்லை.

கட்டி சிறுநீர்க்குழாய்க்கு அருகில் இருந்தால் அதற்குள் டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை முன்கூட்டியே வைப்பீர்களா, யூராலஜி மருத்துவர் அன்று இருப்பாரா, எத்தனை யூனிட் ரத்தம் ஒதுக்க வேண்டும், சினைப்பைகளையும் எடுப்பீர்களா என்றும் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தால் எடுக்கும் தேதியையும் அப்போதே எழுதி வாங்குங்கள். மறந்துவிட்ட ஸ்டென்ட் மேல் கல் படிந்து தனி ஆபரேஷன் ஆகிவிடும்.

மாத்திரைப் பட்டியலை ஒன்றுவிடாமல் கொடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகலாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளில் குளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள், வார்ஃபரினை 5 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். ஆனால் இதய ஸ்டென்ட், செயற்கை வால்வு உள்ளவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்தவே கூடாது. திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிற்க வேண்டும். பால், காபி தண்ணீர்க் கணக்கில் சேராது.

இன்னொன்று மூக்குத்தி. கல்யாணத்தில் போட்டதை அதன்பிறகு கழற்றியே இருக்க மாட்டார்கள். ஆபரேஷன் காலையில் தியேட்டர் வாசலில் நர்ஸ் அதோடு மல்லுக்கட்டுவது ஊரறிந்த காட்சி. நாலைந்து நாள் முன்பிருந்தே இரவில் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகிப் பாருங்கள். வராவிட்டால் பத்தரிடம் போய் வெட்டி எடுத்துவிடுங்கள். பல்செட், மெட்டியும் அதே பட்டியலில்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அனுமதி வாங்குவது மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு. சேரும் முன்பே அங்கே போய், இந்த அறுவை எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தியேட்டர் வாசலில் கையில் தரும் பாட்டில்

சிறிய மருத்துவமனைகளில் எடுத்த கட்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு "லேபில் கொடுத்துடுங்க" என்று வீட்டார் கையில் தருவார்கள். நல்ல ஆபரேஷன் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டப்பாவில் இருக்க வேண்டியது 10 சதவீத பஃபர்டு ஃபார்மலின். வெறும் தண்ணீர், சலைன் இரண்டும் கூடாது. அளவு, சதையைப் போல் பத்து மடங்கு. அரைக் கிலோ கட்டிக்கு 5 லிட்டர் என்று வருகிறது. ஒரு லிட்டர் டப்பாவில் அமுக்கி மூடியிருந்தால் அது பதப்படாது. ஃபார்மலின் உள்ளே இறங்கும் வேகம் ஆரம்பத்தில் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான், போகப் போக இன்னும் குறையும். 12 செ.மீ. கட்டியை அப்படியே மூழ்கவைத்தால் வெளித்தோல் பதப்பட்டு நடுப்பகுதி அழுகும். செல் பிளவுகளை எண்ணுவது, செத்த பகுதி தானாகச் செத்ததா, எடுத்த பிறகு கெட்டதா என்று பிரிப்பது எல்லாம் அதோடு போச்சு. ஆகவே பெரிய கட்டியைச் சீக்கிரமே பிரெட் போல 1 செ.மீ. கனத்தில் சீவி ஃபார்மலினில் போட வேண்டும். சீவுவதற்கு முன் வெளிப்புறத்தில் மை பூசுவார்கள், விளிம்பு தெரிய. இரண்டையும் பயாப்ஸி மருத்துவரே செய்வது உத்தமம். அதனால் லேபுக்கு முன்கூட்டியே போன் செய்து "பெரிய கட்டி வருகிறது, இத்தனை மணிக்கு" என்று சொல்லிவிட்டு அன்றே கொண்டுசேருங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும்.

வாய் அகலமான டப்பாவாக இருக்கட்டும். போடும்போது வழுக்கிக்கொண்டு போன சதை, ஃபார்மலினில் கெட்டியானபின் குறுகிய வாய் வழியாக வெளியே வராது. பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாமல் டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள், லேபில் மூடிகள் மாறும். கட்டியை இரண்டாக வெட்டி இரண்டு லேபுக்கு அனுப்பும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டாவது கருத்துக்கு பிளாக் இருக்கிறது.

டப்பாவோடு போகும் படிவத்தில் பெரும்பாலும் "வயிற்றுக் கட்டி" என்று மட்டும் இருக்கும். வயது, மாதவிடாய் நின்ற வருஷம், முந்தைய கர்ப்பப்பை அறுவை, ஹார்மோன் மாத்திரை, கட்டி எதில் ஒட்டியிருந்தது, ஸ்கேன் என்ன சொன்னது என்பதை சர்ஜனிடம் சொல்லி எழுதவையுங்கள். கட்டி குடலிலிருந்து வந்ததா, பின்வயிற்றிலிருந்தா, கர்ப்பப்பையிலிருந்தா என்பதைப் பொறுத்து, அதே செல்லுக்கு வேறு வேறு அளவுகோல் வைக்கிறார்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் தேட வேண்டியவை

மூன்று சொற்கள்: மைட்டோசிஸ், ஏடிப்பியா, நெக்ரோசிஸ். முதலாவது, எத்தனை செல்கள் பிளந்துகொண்டிருந்தன என்ற எண்ணிக்கை. இரண்டாவது, செல்லின் உட்கரு எவ்வளவு கோணலாக இருக்கிறது. மூன்றாவது, கட்டிக்குள் செத்த பகுதி. கர்ப்பப்பைக் கட்டியில் நுண்ணோக்கியின் பெரிதாக்கிய 10 காட்சிப் பரப்புகளில் 10 அல்லது அதற்கு மேல் பிளவு, தெளிவான கோணல், கட்டிச் செல் செத்த பகுதி ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் சார்கோமா என்பது நெடுநாள் விதி. பின்வயிற்றுக் கட்டிக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே மிகச் சில பிளவுகளே சந்தேகத்துக்குப் போதும். ரிப்போர்ட்டில் இந்த மூன்றும் எழுதப்படாமல் "லெயோமயோமா" என்று ஒரே வரி இருந்தால், திரும்பப் போய்க் கேளுங்கள். எத்தனை பிளாக் எடுத்தார்கள் என்றும் பாருங்கள்: கட்டியின் நீளத்தில் சென்டிமீட்டருக்கு ஒன்று என்பது ஏற்கப்பட்ட கணக்கு. 14 செ.மீ. கட்டியில் மூன்று பிளாக் மட்டும் என்றால் மேலும் எடுக்கச் சொல்லலாம். மீதிச் சதையைச் சில வாரம் வைத்திருந்து கழித்துவிடுவார்கள், தாமதிக்காதீர்கள்.

ஐ.எச்.சி. என்னும் சாயப் பரிசோதனைக்கு நிச்சயம் அனுப்புங்கள். எஸ்.எம்.ஏ., டெஸ்மின், கால்டெஸ்மான் பாசிட்டிவ் என்றால் தசைதான். சி.டி.117, டாக்1 பாசிட்டிவ் என்றால் அது குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற வேறு கட்டி. அதற்கு இமாட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது, சிகிச்சைப் பாதையே வேறு. எஸ்.100 பாசிட்டிவ் என்றால் நரம்பு உறைக் கட்டி. ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகள் பாசிட்டிவ் என்றால் கர்ப்பப்பை வகைத் தசைக்கட்டி என்பதற்கு வலு சேர்க்கும். அது மட்டுமே போதாது, சில சார்கோமாக்களிலும் அவை பாசிட்டிவ் ஆகும்.

"ஸ்டம்ப்" என்று ஒரு சொல் வரலாம். சாதாரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, புற்று என்றும் சொல்ல முடியவில்லை என்பது அர்த்தம். கீமோ தேவைப்படாது. முதல் 5 வருஷம் 6 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது பொதுவான ஏற்பாடு. இந்தச் சொல் வந்தாலும், இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னாலும், சிலைடுகளையும் பிளாக்கையும் வாங்கிக்கொண்டு மென்திசுக் கட்டிகளை அதிகம் பார்க்கும் பெரிய புற்றுநோய் மையத்தில் காட்டுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பிளாக் என்பது பாரஃபின் மெழுகு. 60 டிகிரியை நெருங்கினாலே இளகும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

வீடு திரும்பிய பின்

நடு வயிற்று வெட்டு என்றால் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். மறுநாளே நடக்கவைப்பார்கள், தடுக்காதீர்கள். படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும். 6 வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த குடம் 12 கிலோவுக்குக் குறையாது. தடுக்காவிட்டால் பத்தாம் நாளே தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார், பிறகு குடலிறக்கம். காய்ச்சல், ஒரு கால் வீக்கம், விலாப் பக்க வலியோடு சிறுநீர் குறைவது, பிறப்புறுப்பில் தண்ணீராக ஒழுகுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே சர்ஜனிடம் காட்டுங்கள். கடைசி இரண்டும் சிறுநீர்க்குழாயில் காயம் பட்டிருக்கலாம் என்பதைச் சொல்பவை.

சாதாரணக் கட்டி, முழுதாக எடுத்தாயிற்று என்றால் மருந்து எதுவும் தேவையில்லை. எடுக்க முடியாத முடிச்சுகள் மீதமிருந்து, ஈ.ஆர். பாசிட்டிவாகவும் இருந்தால் லெட்ரசோல் 2.5 மில்லிகிராம் மாத்திரை தருவதுண்டு. கொழுப்புத் திசு தயாரிக்கும் ஈஸ்ட்ரோஜனை அது நிறுத்தும். எலும்பு தேயும் என்பதால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் கால்சியமும் கூடவே வரும். இளம் பெண்களுக்கு ஃபைப்ராய்டைச் சுருக்கப் போடும் லியூப்ரோலைடு ஊசியால் இந்த வயதில் பெரிய பயன் இல்லை. அது அடக்க வேண்டிய சினைப்பை ஏற்கெனவே ஓய்ந்துவிட்டது.

6 மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு வருஷத்துக்கு ஒன்று என்று பல மருத்துவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். நெஞ்சுப் படமும் ஒருமுறை எடுத்துவைப்பது நல்லது. இந்தக் கட்டிகள் அபூர்வமாக நுரையீரலில் முடிச்சாகத் தெரியும். பழைய படம் இருந்தால்தான் அது புதிதா என்று சொல்ல முடியும். ஃபைலின் முதல் பக்கத்தில் கட்டியின் பெயர், இடம், அளவு, எடுத்த தேதி, பயாப்ஸி எண், பிளாக் இருக்கும் லேப் ஆகியவற்றை எழுதி, அடியில் "ஹார்மோன் மாத்திரை கொடுக்கும் முன் இதைப் பார்க்கவும்" என்று சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.